மஞ்சள் துணி கட்டிய வீடு

பல்லடம்
2.6.1994

என்னங்க,

இந்தக் கடிதமும் பொட்டலமும் பங்காரு அண்ணன் கையில் வருகின்றன. நீங்கள் இருக்கும் நாட்டிலேயே பண்டுங் ஊர் மில்லில் ஃபிட்டராக இருக்கிறாரே, அவர்தான். லீவு முடிந்து திரும்புகிறவர், போகிற வழியில் தாங்கெராங்கில் உங்களிடம் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னார். கோயமுத்தூர் பீளமேட்டில் அவர் வீடு வரைக்கும் பஸ் ஏறிப் போய்க் கொடுத்தேன். பருப்புப்பொடியும் முறுக்கும் உங்கள் அம்மாவின் பங்கு. அடியில் மஞ்சள் துணி ஒன்று இருக்கும். அது என் பங்கு.

சிரிக்காமல் படியுங்கள். போன வெள்ளிக்கிழமை சென்னிமலைக்குப் போய் சிரசுப்பூ கேட்டேன். "நான் அந்த ஊருக்குப் போய் அவரோடு குடும்பம் நடத்துவேனா?" என்று கேட்டேன். சாமி தலையில் வைத்த பூ வலது பக்கம் விழுந்தது. பூசாரியே, "உத்தரவு குடுத்துட்டாருங்க அம்மணி, சந்தோசமா போங்க" என்றார். அங்கேயே ஒரு துணியை மஞ்சளில் நனைத்து, மூலையில் ஒரு ரூபாயை முடிந்து வேண்டிக்கொண்டேன். அதை நம் வீட்டு வாசலில் கட்டுங்கள். நான் வந்து என் கையால் அவிழ்க்கும் வரை அது அங்கேயே இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட் திருச்சியிலிருந்து வந்து பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் தூங்குகிறது. மில்லில் நீங்கள் வாங்க வேண்டிய குடும்ப அனுமதி ஒன்றுதான் பாக்கி. கேட்டீர்களா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறேன். இங்கே நல்ல மழை என்று பதில் எழுதுகிறீர்கள்.

உங்கள் வீட்டில் எனக்கு யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் பகலெல்லாம் பண்ணையில் கோழிகளோடுதான் பேச்சு. அத்தனை கோழிக்கு நடுவில் ஒருத்தி தனியாக இருக்கிறாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கல்யாணமாகி உங்களோடு இருந்ததைவிட உங்கள் கோழிகளோடு இருந்ததுதான் அதிகம்.

துணியைக் கட்டிவிட்டு எழுதுங்கள்.

கீதா


தாங்கெராங்
16.6.1994

கண்ணு கீதா,

உன் சாமி லேசுப்பட்டவர் இல்லை. துணியைக் கட்டின அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டார்.

இந்தத் தெருவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். நெருக்கமான வீடுகள். பார்த்தால் சிரிப்பார்கள், தலையாட்டுவார்கள், அதோடு சரி. எனக்குத் தெரிந்த இந்த ஊர்ப் பாஷை மில்லுக்குள்தான் செல்லும். ஓட்டு, நிறுத்து, நூல் அறுந்துவிட்டது. இதை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் என்ன பேசுவது? ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தமிழ்ப் பேப்பரைச் சத்தமாகப் படிப்பேன். வீட்டுக்குள் ஒரு மனிதக் குரல் கேட்கட்டுமே என்றுதான்.

வாசல் நிலையில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். அதனால் துணியை ஒரு மூங்கில் குச்சியில் கட்டி வாசல் கேட்டோடு சேர்த்து நிறுத்தினேன். காற்றில் அழகாகப் பறந்தது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு இபு யாத்தி வெளியே வந்தார். இபு என்றால் அம்மா, மரியாதைக்காக அப்படிக் கூப்பிடுவார்கள். புருஷனை இழந்தவர். வீட்டு முன்னாலேயே வாழைப்பழ பஜ்ஜி சுட்டு விற்கிறார். துணியைப் பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஏதோ கேட்டார். இதை அனுப்பியது யார் என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று, உள்ளே போய் நம் கல்யாணப் போட்டோவை எடுத்து வந்தேன். உன்னைக் காட்டினேன். பிறகு துணியைக் காட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது. பெண்டாட்டியின் வேண்டுதல் பாஷை தெரியாத ஊரிலும் புரிகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் தெருவே வந்துவிட்டது. யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து வாசலில் போட்டார்கள். ஆண்கள் பேசாமல் உட்கார்ந்தார்கள். பெண்கள் வட்டில்களில் அரிசி கொண்டுவந்து வைத்தார்கள். வந்தவர்களுக்குக் காபி போடலாம் என்று அடுப்புப் பக்கம் போனேன். இபு யாத்தி விடவில்லை, கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்துவிட்டார். அதற்குப் பிறகு மூன்று நாளும் சோறு அவர் வீட்டிலிருந்துதான். இவர்களுடைய அடக்கத்தை நீ பார்க்க வேண்டும். எப்போதும் சிரித்த முகமாக இருப்பவர்கள், அன்று மரியாதைக்காக ஒருவர்கூடப் பல்லைக் காட்டவில்லை.

சேதி மில்லுக்கும் போயிருக்கிறது. கேட்காமலே இரண்டு நாள் லீவு கொடுத்தார்கள். மேனேஜர் தோளைத் தட்டிக்கொடுத்தார். குடும்ப அனுமதிக்கு மனுவும் போன வாரமே கொடுத்துவிட்டேன். மழையைப் பற்றி இந்தத் தடவை ஒரு வரிகூட எழுதவில்லை, கவனித்தாயா?

சுரேந்தர்


பல்லடம்
30.6.1994

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் பண்ணையில் நின்றுகொண்டே படித்தேன். முதல் தடவை சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் தடவை படித்ததும் தீவனத்தை அப்படியே வைத்துவிட்டு மூன்றாம் தடவை படித்தேன்.

ஒன்று கேட்கிறேன், நிதானமாக யோசித்துப் பாருங்கள். வாசலில் நாற்காலி போட்டு ஆண்கள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்கள் கண் கலங்கி வருகிறார்கள். அடுப்பு மூட்ட விடாமல் பக்கத்து வீட்டிலிருந்து சோறு வருகிறது. மில்லில் கேட்காமலே லீவு தருகிறார்கள். இதையெல்லாம் நம் ஊரில் எந்த வீட்டில் பார்த்திருக்கிறீர்கள்? சீர் வீட்டிலா, வளைகாப்பு வீட்டிலா? பல்லடத்தில் பிறந்து வளர்ந்த ஆளுக்கு எழவு வீடு எது என்று அடையாளம் தெரியாமல் போயிற்றே!

துணியைப் பார்த்ததும் அந்த அம்மா வாயைப் பொத்தினார். என் போட்டோவைக் காட்டினதும் அழுதார். மஞ்சள் துணி கட்டினால் அந்த ஊரில் என்ன அர்த்தம் என்று யாரையாவது கேளுங்கள். நமக்கு மஞ்சள் போனால்தான் எழவு. அங்கே மஞ்சள் வந்தால் எழவோ என்னவோ, எனக்குப் பயமாக இருக்கிறது.

அத்தை கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். சோறு வந்தது வரைக்கும் படித்தேன். "பாத்தியா அம்மணி, எம்பட பையன் எங்க போனாலும் நாலு சனத்தச் சேத்திப்போடுவான்" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். ஆமாங்க அத்தை என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

உடனே எழுதுங்கள்.

கீதா


தாங்கெராங்
15.7.1994

கீதா,

நீ சொன்னது சரிதான்.

எங்கள் மில் ஸ்டோர்ஸில் இந்த நாட்டிலேயே மேடான் ஊர்ப் பக்கம் பிறந்து வளர்ந்த தமிழர் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். அவரைத்தான் கேட்டேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். "ஏன் மாஸ்டர், உங்க சம்சாரம் தவறிட்டாங்கன்னு மில்லே பேசுது. துக்கத்துல இருக்கீங்கன்னுதான் நானும் ஒண்ணும் கேக்கல" என்றார். குச்சியில் மஞ்சள் துணியைக் கட்டி வாசலில் நிறுத்தினால், இந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று இந்தப் பக்கம் அர்த்தமாம். அதோடு நான் போட்டோவில் உன்னையும் காட்டிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. குடும்ப அனுமதி மனுவை ஓரமாக எடுத்து வைத்துவிட்டார்கள். இல்லாத மனைவிக்கு அனுமதி எதற்கு என்று நினைத்திருக்கிறார்கள். நான் மனம் குழம்பி எழுதிக் கொடுத்துவிட்டதாக மேனேஜர் பரிதாபப்பட்டாராம்.

திட்டாதே. இன்னும் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. தினமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீடு திரும்புகிறேன். கடையை மூடிவிட்டு இபு யாத்தி ஒரு தட்டில் சோற்றோடு வந்து வாசலில் உட்காருகிறார். தன் புருஷனைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைக்கிறேன். ஒரு வார்த்தையும் விளங்காது. நடுநடுவே உன் பெயர் வரும், அது மட்டும் விளங்கும். உன் பெயரை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு நாள் அவர் அழுதபோது நானும் அழுதுவிட்டேன். அது நடிப்பு இல்லை கீதா. இங்கே வந்ததிலிருந்து என் எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து, நான் சாப்பிடுகிறேனா என்று பார்த்ததே இல்லை. சொல்லிவிட்டால் மறுபடி எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

துணியை என்ன செய்வது? அவிழ்த்தால் உன் வேண்டுதல் கெட்டுவிடும், நீ வருவது தடைப்படும். விட்டுவைத்தால் இந்தத் தெருவில் நீ உயிரோடு இல்லை. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீயே சொல்.

சுரேந்தர்


பல்லடம்
30.7.1994

சுரேந்தர் அவர்களுக்கு,

பெயரைச் சொல்லி எழுதுகிறாளே என்று பார்க்க வேண்டாம். செத்தவளுக்கு ஏது மரியாதையும் வரைமுறையும்.

நான் செத்துப்போன சேதியை யாரிடம் சொல்லி நான் அழுவேன்? அத்தையிடம் சொன்னால் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு ஜோசியரைத் தேடி ஓடுவார். மாமாவிடம் சொன்னால் அந்த ஊரும் வேண்டாம் வேலையும் வேண்டாம் என்று தந்தி அடிப்பார். எனக்கு அம்மா இருந்தால் அவள் மடியில் போய் விழுந்திருப்பேன். அவள் போனபோது எனக்கு ஒன்பது வயது. அதனால் கடிதத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு கோழிக்குத் தீவனம் வைக்கிறேன்.

தெரியாமல் நடந்ததற்கு நான் கோபப்படவில்லை. அதோடு நின்றிருந்தால் நானே விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். தெரிந்த பிறகும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டீர்களே, அதுதான் தாங்கவில்லை. உயிரோடு இருந்து இரண்டு வருஷம் கடிதம் எழுதியும் உங்கள் தனிமையை என்னால் போக்க முடியவில்லை. செத்து ஒரே சாயங்காலத்தில் ஒரு தெருவையே உங்கள் வாசலுக்குக் கூட்டி வந்துவிட்டேன். இனி நான் எதற்கு? இப்படியே இருந்துவிடட்டுமா? அதையாவது ஒளிக்காமல் சொல்லுங்கள்.

எனக்கு மட்டும் தனிமை இல்லையா? ராத்திரி பக்கத்துத் தறிக்கூடத்துச் சத்தம் நின்றால் பயமாக இருக்கிறது. அந்தச் சத்தம்தான் எனக்குத் துணை. அதற்காக என் புருஷன் போய்விட்டார் என்று நான் யாரிடமும் சோறு வாங்கிச் சாப்பிடவில்லை.

அவிழ்த்தால் வேண்டுதல் கெடும், விட்டால் நீ இல்லை, நீயே சொல் என்று கேட்டிருக்கிறீர்கள். பாரத்தைத் தூக்கி என் தலையில் வைத்தாயிற்று. சரி, சொல்கிறேன். அவிழ்த்துவிடுங்கள். சாமியிடம் நான் பேசிக்கொள்கிறேன். இரண்டு பெண்டாட்டிக்காரர், பெண்களின் கஷ்டம் அவருக்குப் புரியும்.

அந்த அம்மாவிடம் நீங்களே உங்கள் வாயால் சொல்ல வேண்டும். மேடான்காரரை அனுப்பிவிட்டு உள்ளே ஒளிந்துகொள்ள வேண்டாம்.

கீதா


தாங்கெராங்
17.8.1994

கீதா,

உன் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். எனக்கு நீ வேண்டும். சாப்பிட்டதற்குச் சமாதானம் எதுவும் சொல்லப்போவதில்லை. பசித்தது, சாப்பிட்டேன். அது சோற்றுப் பசி இல்லை என்று உனக்குத் தெரியும்.

துணியை அவிழ்த்துவிட்டேன். ரூபாய் முடிச்சோடு மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அவிழ்க்கும்போது கை வரவில்லை.

மேடான்காரரிடம் நாலு வரி கற்றுக்கொண்டேன். என் மனைவி உயிரோடு இருக்கிறாள். துணி எங்கள் ஊர் வேண்டுதல். அதற்கு இங்கே என்ன அர்த்தம் என்று முதலில் எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் சொல்லவில்லை. "கடைசி வரி வேணாம் மாஸ்டர், மூணோட நிறுத்துங்க" என்றார் அவர். நான்தான் விடவில்லை.

இபு யாத்தி பஜ்ஜி சுட்டுக்கொண்டிருந்தார். முதல் வரியைச் சொன்னதும் கரண்டியைப் போட்டுவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கடவுளுக்கு நன்றி சொன்னார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் சிரித்தார். அங்கேயே நிறுத்தியிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். நாலாவதைச் சொன்னேன். கையை விட்டுவிட்டார்.

ஏதோ ஒன்று கேட்டார், சத்தம்கூடப் போடவில்லை. எனக்கு விளங்கவில்லை. அந்தச் சொற்களை அப்படியே மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய் மறுநாள் மேடான்காரரிடம் சொல்லிக் காட்டினேன். "அப்படியானால் இத்தனை நாள் நான் யாருக்காக அழுதேன்?" என்று கேட்டாராம்.

தெருவில் மற்றவர்களுக்கு இது ஒரு வேடிக்கை. மில்லில் என்னைப் பார்த்தாலே மஞ்சள் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். அதெல்லாம் பரவாயில்லை. இபு யாத்தி மட்டும் வருவதில்லை. கடைக்குப் போனால் பஜ்ஜி கொடுக்கிறார், முகத்தைப் பார்ப்பதில்லை. இன்றைக்கு இவர்களுடைய சுதந்திர தினம். தெருவெல்லாம் சிவப்பு வெள்ளைக் கொடி. சாக்குக்குள் காலை விட்டுக் குதித்து ஓடுகிறார்கள், ஒரே சத்தம். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

மனு மறுபடி மேஜைக்கு வந்து கையெழுத்தும் ஆகிவிட்டது. அடுத்த மாதம் நீ வரலாம். ஆனால் இந்தத் தெருவுக்கு உன்னை எந்த முகத்தோடு கூட்டி வருவேன்? எல்லோரும் உன்னை வேடிக்கை பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியே கிடக்கும். மில்லுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு காலியாக இருக்கிறது. அங்கே போய்விடலாமா?

சுரேந்தர்


பல்லடம்
2.9.1994

என்னங்க,

வேறு வீடு பார்க்க வேண்டாம்.

டிக்கெட் வந்துவிட்டது. பதினெட்டாம் தேதி மெட்ராஸிலிருந்து கிளம்புகிறேன். மாமாதான் ரயிலில் கூட வந்து விமானம் ஏற்றிவிடுகிறார். கோழிகளை யார் பார்ப்பது என்று முதலில் முணுமுணுத்தார். அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "கோழிய நானும் நீங்களும் பாத்துக்கலாமுங்க. அவளப் பாக்கறதுக்கு அங்க ஒருத்தன் இருக்கறானில்ல." இந்த அத்தையைப் பற்றி நான் உங்களுக்கு என்னென்னவோ எழுதியிருக்கிறேன். அதில் பாதியை மறந்துவிடுங்கள்.

நாலாவது வரியைச் சொன்னீர்களே, அதற்காகத்தான் என் கோபம் போயிற்று. சொல்லாமல் விட்டிருந்தால் நான் வந்திருக்கவே மாட்டேன்.

அந்த அம்மா கேட்டதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. யாருக்காக அழுதேன் என்று கேட்டிருக்கிறார். எனக்காகத்தான். இதில் என்ன சந்தேகம்? என் அம்மா போன பிறகு எனக்காக யாரும் அழுததில்லை. அப்பா வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டு வேறு குடும்பத்துக்கு அழப் போய்விட்டார். நீங்கள் ஏரோப்பிளேன் ஏறினபோதுகூட நான்தான் அழுதேன், நீங்கள் பெட்டியை எண்ணிக்கொண்டிருந்தீர்கள். நான் நாளைக்கே போனால் இந்த வீட்டில் ஒரு வாரம் துக்கம் இருக்கும், பிறகு கோழிக்குத் தீவனம் வைக்க ஆள் தேடுவார்கள். நான் குறையாகச் சொல்லவில்லை. உலகம் அப்படித்தான். ஆனால் கடல் தாண்டி ஒரு தெருவில், என் முகத்தைப் போட்டோவில் மட்டும் பார்த்த ஒரு பெண், என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தினமும் சாயங்காலம் எனக்காக அழுதிருக்கிறார். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்காமல் நான் வேறு எங்கே குடியிருப்பேன்?

விமான நிலையத்திலிருந்து நேராக அவர் வீட்டுக்கு என்னைக் கூட்டிப் போங்கள். நம் வீட்டுக்கு அப்புறம் போகலாம். நீங்கள் கேட்டுக்கு வெளியே நின்றால் போதும், கூட வர வேண்டாம். மேடான்காரரிடம் எனக்காக எந்த வரியும் கற்றுக்கொள்ளாதீர்கள். உயிரோடு இருக்கிறேன் என்று காட்டுவதற்குப் பாஷை எதற்கு? போய் நின்றால் ஆயிற்று.

கதவைத் திறக்கவில்லை என்றால் திறக்கும் வரை நிற்கிறேன்.

வாரேனுங்க.

கீதா